பக்கத்து அறையில் என்ன வந்தது?

எட்டிப்பார்ப்போர் என்று ஓர் இனம் உண்டு. பரீட்சை முடிந்து வெளியே வந்ததும், "ஏழாவது கணக்குக்கு உனக்கு என்ன வந்துச்சு?" என்று வாசலிலேயே மடக்குவார்களே, அவர்கள்தான். தன் விடை சரியா என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமே அல்ல. உங்களுக்கும் அதேதானா? அதைச் சொல்லுங்கள், போதும். ஓட்டலில் பக்கத்து மேஜைக்கு என்ன வருகிறது என்று பார்க்காமல் இவர்களுக்குப் பசிகூட எடுக்காது.

இந்த இனத்தில் ஒருவர் பட்டங்கள் வாங்கி வானியலாளராகவும் ஆகிவிட்டார். ஆகட்டுமே, யார் வேண்டாம் என்றது? வம்பு என்னவென்றால், அவரைக் கருந்துளையைப் படம்பிடிக்கும் வேலையில் போட்டுவிட்டார்கள்.

கருந்துளையிலிருந்து ஒளி வராது. அதைச் சுற்றிக் கொதிக்கும் வாயுவிலிருந்துதான் அலைகள் வரும். உலகின் பல மூலைகளில் நிற்கும் தொலைநோக்கிகள் அவற்றை ஒரே நேரத்தில் பதிவு செய்ய, அந்தப் பதிவுகளைப் பெட்டி பெட்டியாக விமானத்தில் கொண்டுவந்து சேர்த்துப் பார்த்தால், படத்தில் முக்கால்வாசி ஓட்டை. ஓட்டையைக் கணக்குப் போட்டு அடைக்க வேண்டும். கொஞ்சம் ஏமாந்தால், மனசுக்குப் பிடித்த உருவத்தையே வரைந்துவிடலாம். அதனால்தான் ஆய்வின் தலைவி நான்கு குழுக்களை நான்கு அறைகளில் உட்காரவைத்து, "ஒருத்தர் படத்தை இன்னொருத்தர் பாக்கக் கூடாது, பேசவும் கூடாது. நாலும் தானா ஒண்ணா வந்தாத்தான் வெளிய சொல்லுவோம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

பேசக் கூடாதாம்! நம்மவரிடம்!

அவர் மூன்றாம் அறைக்கு மூத்தவர். முதல் வாரமே அவர் திரையில் வளையம் ஒன்று வந்தது. கீழ்ப்பக்கம் பளிச்சென்று, நடுவில் கறுப்பாக. வேறு யாராவது என்றால் துள்ளிக் குதித்திருப்பார்கள். இவரோ மற்ற அறைகளில் என்ன வந்ததோ என்று கதவைப் பார்த்தார். காபி இயந்திரத்தின் பக்கத்தில் நாலாம் அறைப் பெண்ணைப் பிடித்தார்.

"என்னம்மா, வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"போகுது சார்."

"வட்டமா போகுதா, நேரா போகுதா?"

"பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார்."

"பேசவே வேண்டாம்மா. வட்டம்னா ஒரு தடவை கண்ணைச் சிமிட்டு."

பதினோரு நாள் இதே கூத்து. பன்னிரண்டாம் நாள் அவள், "ரெண்டு புள்ளி சார். பக்கத்துப் பக்கத்துல, ரெண்டு கண்ணு மாதிரி. போதுமா? ஆளை விடுங்க!" என்று காபியைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

எரிச்சலில் சொன்னது என்று எவருக்கும் புரிந்திருக்கும். இவருக்கோ வேதவாக்கு. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

"உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள் மனைவி.

"வளையம்."

"அப்ப அதையே குடுத்துருங்களேன்."

"நாலாம் ரூம்ல வேற வந்திருக்கே!"

மறுநாள் வளையத்தை ஒதுக்கினார். இந்த எண்ணை இழுத்து, அந்த எண்ணை அமுக்கி, குழுவில் இருந்த இருவரின் முணுமுணுப்பையும் அமுக்கி, மூன்று வாரம் கண் எரிய உழைத்து, இரண்டு புள்ளிகளைப் பெற்றெடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, அழகான புள்ளிகள்.

படங்களைத் திறக்கும் நாள் வந்தது. பெரிய திரையில் ஒன்று, இரண்டு, நான்கு: மூன்றும் வளையம். மூன்றாம் கட்டத்தில் மட்டும் இரண்டு புள்ளிகள் சபையைப் பார்த்து முழித்தன.

"ஐயோ சார், நான் கடுப்புல சொன்னேன்!" என்று நாலாம் அறைப் பெண் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

தலைவி மூன்றாம் அறையின் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒரு கோப்பில் நின்றார். அதே வளையம்.

"தேதியைப் பாருங்க. எல்லாருக்கும் முன்னாடி உங்களுக்குத்தான் வந்திருக்கு. இப்ப எல்லாரும் எல்லாத்தையும் பாத்தாச்சு, இனிமே புது ஆளுங்களை வச்சு முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றவர், குரலை உயர்த்தாமலே கேட்டார்: "இதை ஏன் சார் ஒதுக்கினீங்க?"

நம்மவர் வாயைத் திறந்தார். பிறகு, என்ன பதில் சொன்னால் சரியாக இருக்கும் என்று, வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்தார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் அல்ல, தெரியும். ஆனாலும் ஒன்று: இதைப் படித்ததும் சிரித்தீர்களா, இல்லை, சிரிக்கலாமா என்று வேறு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லப்போகிறீர்களா?