ஸ்பீட் நானாவின் இஸட் டிஸ்க்

எந்த வேலையையும் மெதுவாகச் செய்யத் தெரியாத ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் மாத்தளை ஸ்பீட் நானாதான். சீனி கரையும்வரை பொறுக்க முடியாமல், சீனியை வாயில் போட்டுக்கொண்டு மேலே தேத்தண்ணியை ஊற்றிக்கொள்வார். யாரோ மவுத்தாகிவிட்டார் என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டு ஜனாஸா அடக்கத்துக்கு ஓடியபோது, அந்த ஆளே கதவைத் திறந்து, "வாங்க நானா" என்றாராம்.

ஊருக்கே அவர் நானா, அதாவது அண்ணன். மிளகு, கராம்பு வியாபாரம் அவருடைய தொழில். கணினி அவருடைய பைத்தியம்.

என் தங்கையின் கல்யாணத்துக்கு முதல்நாள் காலை. மண்டபத்தில் போட்டுக்காட்ட, தங்கையின் சின்ன வயதுப் படங்களைக் கோத்து வீடியோ செய்ய உட்கார்ந்தாள் என் மனைவி கமலா. எங்கள் கணினி ஒரு படத்தைத் திறப்பதற்குள் சோறு வடித்துவிடலாம். நானாவுக்குப் போன் செய்தேன். நான் போனை வைக்குமுன் வாசலில் அவருடைய த்ரீவீலர் நின்றது.

"தம்பி, ஹார்ட் டிஸ்க் இப்படித்தான் ஊரும். நான் ரேமுக்குள்ள ஒரு டிஸ்க் செஞ்சு தாறேன். கையால தொட ஏலாது. ஆனா பறக்கும்!"

கணினி ஓடும்போது மட்டும் விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் இடம்தான் ரேம். அதில் ஒரு துண்டைப் பிடித்து, இஸட் என்று பெயர் வைத்து, அதுவும் ஒரு டிஸ்க்தான் என்று கணினியையே நம்பவைத்துவிட்டார். உண்மையாகவே பறந்தது. பகலுக்குள் கமலா வீடியோவை முடித்து, இஸட்டிலேயே சேவ் பண்ணியும்விட்டாள்.

அப்போது பெரிய இடி ஒன்று விழுந்தது. கரண்ட் போனது. நேராகச் சுவரில் குத்தியிருந்த மொனிட்டர் இருண்டது. யூபிஎஸ் மட்டும் கீச் கீச் என்று கத்த, அதன் பேட்டரித் தயவில் கணினிப் பெட்டி உயிரோடு இருந்தது.

"இது நின்னுட்டா என்னாகும் நானா?" என்றேன்.

"இஸட்ல உள்ளது எல்லாம் போயிரும்."

"நிக்கிறப்ப தானா ஹார்ட் டிஸ்க்குக்குப் போகாதா?" என்றாள் கமலா.

"போகும் தங்கச்சி. அதால ஸ்பீட் கொறையும்னு அத நிப்பாட்டிட்டேன்."

கமலா பென்டிரைவை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் திட்டினால்கூடத் தாங்கிவிடுவேன்.

"பஸ் ஸ்டாண்ட் பக்கம் கரண்ட் ஈக்குது! தூக்குங்க தம்பி!"

நானா பெட்டியைத் தூக்கினார்; நான் யூபிஎஸ்ஸைத் தூக்கினேன். இடையில் ஒரு முழ வயர். மழையில், கமலா பிடித்த ஒரே குடையின்கீழ், புதுமாப்பிள்ளையும் பொண்ணும்போல உரசிக்கொண்டே நடந்து த்ரீவீலரில் ஏறினோம். ஆளுக்கொன்று மடியில் வைத்துக்கொண்டோம். நானா தன் மடியில் பெட்டியோடுதான் வண்டியை ஓட்டினார். பின்னால் என்னோடு, மவுஸும் வயருமாகக் கமலா. பேட்டரி தீரத் தீர, கீச்சுக்கும் கீச்சுக்கும் இடைவெளி குறையக் குறைய, வண்டியின் வேகமும் கூடியது. வழியிலிருந்தவர்கள் ஆம்புலன்ஸுக்கு விலகுவதுபோல விலகினார்கள்.

வெளிச்சம் தெரிந்த முதல் கடை ஒரு சலூன். மழைக்காகத் துவாய் சுற்றிய பெட்டியோடு நுழைந்தோம்.

"யாருக்கு வெட்டணும்?" என்றார் சலூன்காரர்.

"ப்ளக் எங்க? ப்ளக்!" என்று கத்தினார் நானா.

யூபிஎஸ்ஸைச் சுவரில் குத்தினோம். கீச் நின்றது. சலூன் டிவியில் வயரை மாட்டியதும், திருமண வாழ்த்து எழுத்துக்குக் கீழே, கவுன் போட்ட என் தங்கை பல்லில்லாமல் சிரித்தாள். பாதி முகத்தில் நுரையோடு இருந்த ஒருவர் எழுந்தேவிட்டார். "புள்ள லச்சணமா இருக்கே! யாரு மாப்புள?"

கமலா அமைதியாக வீடியோவைப் பென்டிரைவில் கொப்பி பண்ணி, கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். பிறகுதான் வாய் திறந்தாள்.

"நானா, வீட்டுலயே மொனிட்டர் வயர கழட்டி யூபிஎஸ்ல குத்தியிருந்தா, அங்கயே கொப்பி பண்ணியிருக்கலாமே?"

நானா நெற்றி நீரை வழித்துவிட்டார். "செஞ்சிருக்கலாம்தான் தங்கச்சி. அவ்வளவு ஸ்பீடா எனக்கு யோசிக்க வராது."

சலூனே சிரித்தது. கமலாவும் சிரித்துவிட்டாள். மறுநாள் மண்டபத்தில் வீடியோ ஓடியபோது, எல்லோருக்கும் முந்திக் கைதட்டியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது எங்கள் வீட்டில் புதுக் கணினி. ஒரு குறையுமில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கமலாவே போனை எடுத்து, "நானா, கொஞ்சம் ஸ்லோவா இருக்கு, வந்து பாருங்களேன்" என்று பொய் சொல்வாள். அவர் பறந்து வருவார். வந்தால் பொழுது சாயும்வரை போகமாட்டார். நாங்களும் அவசரப்படுத்துவதில்லை.