வீட்டோடு மாமனாரும் வெளிநாட்டு ஆய்வும்

காலை ஆறு மணி. மூன்று செய்தித்தாள்கள். ஒரு வீட்டோ. எங்கள் வீட்டில் இப்படித்தான் பொழுது விடியும்.

வீட்டோ என்பது மாமனாருக்கு நான் மனசுக்குள் வைத்த பெயர். சர்வதேச அரசியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐ.நா. சபையின் வீட்டோ அதிகாரம்போல, எதைச் சொன்னாலும் மறுப்பார். மற்ற வீடுகளில் வீட்டோடு மாப்பிள்ளை. எங்கள் வீட்டில் வீட்டோடு மாமனார்.

நான் நாளிதழில் வெளிநாட்டுச் செய்திகளைப் பார்ப்பவன். உலகச் சண்டைகளை இரண்டு பத்திக்குள் சுருக்கிவிட்டு வந்தால், அவர் அவற்றை இரண்டு மணி நேரத்துக்கு விரிப்பார். எல்லைத் தகராறுகள் பற்றி நான் எழுதும் புத்தகம், ஐந்து வருடமாக முதல் அத்தியாயத்தின் எல்லையைத் தாண்டவில்லை.

தப்பிக்க முடிவெடுத்தேன். வெளிநாட்டில் ஓர் ஆய்வு நிறுவனம். சர்வதேச உறவுகளை ஆராய்பவர்களை ஒன்பது மாதம் தன் வளாகத்திலேயே தங்கவைத்து, உதவித்தொகையும் தருகிறது. விண்ணப்பித்தேன், கிடைத்தது. குடும்பத்தோடும் வரலாம் என்றார்கள். தொழில் பழக்கத்தில் அந்த ஒரு வரியை வெட்டிவிட்டு, மிச்சத்தை மனைவியிடம் சொன்னேன்.

"குடும்பத்துக்கு அனுமதி இல்லையாம்மா. ஆய்வாளர்கள் மட்டும்தான்."

"கண்டிப்பான இடம்போல."

"பயங்கரக் கண்டிப்பு."

"உங்க வயசுக்கு எப்படிங்க எடுத்தாங்க?"

"வயசு வரம்பே கிடையாது. மண்டையில விஷயம் இருக்கணும், அவ்வளவுதான்."

"வருஷம் முழுக்க ஆள் எடுப்பாங்களா?"

"இடம் இருந்தா எடுப்பாங்க. ஏன்?"

"சும்மா, பொது அறிவுக்கு."

புறப்பட மூன்று மாதம் இருந்தது. அத்தனை நாளும் மாமனார் அறைக்குள் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். ஆசிரியருக்குக் கடிதமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மனைவி சிரித்த முகத்தோடு வழியனுப்பினாள். எனக்குத்தான் மனசு உறுத்தியது. விமானம் ஏறியதும் சரியாகிவிட்டது.

முதல் வாரம் சொர்க்கம். இரண்டு படுக்கையறை வீடு, இன்னொரு அறை காலி. ஜன்னலோரம் மேஜை. முப்பது பக்கம் எழுதினேன். அடுத்த திங்கட்கிழமை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் வீட்டோ. கழுத்தில் நிறுவனத்தின் அடையாள அட்டை.

"வழி விடுங்க மாப்பிள்ளை. மேஜையை யாரு ஜன்னலோரம் போட்டது? கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

மாலைக்குள் என் முப்பது பக்கங்களையும் படித்து, இருபத்தெட்டை நிராகரித்தார். மனைவிக்குப் போன் போட்டேன்.

"என்னம்மா இது? குடும்பத்துக்கு அனுமதி இல்லன்னு சொன்னேனே!"

"அதனாலதானே நான் வரல. அப்பா ஆய்வாளராத்தானே வந்திருக்கார்?"

"அதுக்கு என் வீட்லயேவா?"

"நான்தான் அந்த நிறுவனத்துக்கு எழுதிச் சொன்னேன், மாப்பிள்ளையும் மாமனாரும் ஒருத்தரை ஒருத்தர் பிரிஞ்சு இருக்க மாட்டாங்கன்னு."

போனில் வீட்டுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"அங்க ஏன் இவ்வளவு அமைதியா இருக்கு?"

"அதைத்தாங்க நானும் உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி, மாமனாருக்கும் எனக்கும் ஆய்வுக்காலம் மேலும் ஓராண்டு நீட்டிக்கப்பட்டது. கோரிக்கை அனுப்பியவர் என் மனைவி.