கைக்கு ஒத்த கத்தி

தக்காளியை இரண்டாக வெட்டியதும் கத்தி கறுத்துப்போனது.

லிங்கசாமிக்குப் பகீரென்றது. ஊட்டி மார்க்கெட் பக்கம் ஃபரீத் பாயின் பட்டறையிலிருந்து நேற்றுதான் கொண்டுவந்திருந்தார். லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சிக் கையால் அடித்த கார்பன் இரும்பு. தொங்கவிட்ட காகிதத்தைச் சத்தமில்லாமல் அறுத்த கத்தி.

"குறை ஒண்ணும் இல்லீங்களே?" என்று சோபாவில் இருந்தபடியே கேட்டாள் மனைவி கலைமதி.

எல்லாம் வாய்க்கொழுப்பால் வந்த வினை. அவள் வாங்கிவந்த கத்தியைப் பார்த்து, "ஒரு கத்தி பாத்து வாங்கத் தெரியுதா உனக்கு?" என்று கேட்டுத் தொலைத்திருந்தார்.

"தெரியாதுங்க. நீங்களே குறை இல்லாததாப் பாத்து வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் சமையல் உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டாள். எஸ்டேட் ஆபீஸ் விட்டதும் ஆறு மணிக்கு டாணென்று ஷட்டில் ஆடப் போகிற மனுஷன், இப்போது ஆறு மணிக்கு வெங்காயம் உரிக்கிறார். நல்ல கத்தி கிடைத்தால்தான் விடுதலை.

கத்தியோடு மறுபடி பட்டறைக்குப் போனார். "கார்பன் இரும்பு கறுக்கத்தான் செய்யும் சார், அது அதோட குணம்" என்றார் ஃபரீத். "மனசு ஒப்பலையா? வேற எடுத்துட்டுப் போங்க. பத்து நாள் வெட்டிப் பாருங்க, கைக்கு ஒத்துக்கணும்."

இரண்டாவது கத்தி, மழையும் மூடுபனியுமாக இருந்த இரண்டே நாளில் துருப்பிடித்தது. தேங்காய் எண்ணெய் தடவினார். பிடி வழுக்கி, பாதி பீட்ரூட் ஃபிரிட்ஜுக்கு அடியில் ஓடியது.

மூன்றாவதை ஈரம் படாமல் காப்பாற்ற, எண்ணெய் தடவி எஸ்டேட் டீ ஃபாக்டரிக்கே கொண்டுபோய், தேயிலை உலர்த்தும் டிரையர் பக்கத்தில் வைத்தார். சூட்டில் மரப்பிடி விரிசல் விட்டது. டீ மேக்கர் ராஜரத்தினம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"எந்த மகராசன்யா இங்க எண்ணெயக் காய்ச்சறது? தூளெல்லாம் தேங்காய் வாசம்!"

நான்காவது கனம். ஐந்தாவது குட்டை. ஆனால் ஒரு விசித்திரம் நடந்தது. பீன்ஸைச் சாய்த்து வெட்டினால் பொரியல் ஏன் வேறு மாதிரி இருக்கிறது, நறுக்கிய பூண்டுக்கும் நசுக்கிய பூண்டுக்கும் ருசி ஏன் மாறுகிறது என்று லிங்கசாமிக்கு அரிப்பெடுத்துவிட்டது. வெட்டியதை வீணாக்க முடியுமா? அத்தனையையும் விதவிதமாகச் சமைத்தார். அவரைக்காய்க் குழம்பைக் கலைமதி மூன்று தடவை ஊற்றிக்கொண்டாள்.

இப்படியே கத்தி மாற்றி மாற்றி நான்கு மாதம் போயிற்று. ஒரு சனிக்கிழமை, விறுவிறுவென்று பட்டறைக்குப் போய் நின்றார்.

"பாய், அந்த மொதக் கத்தியே குடுங்க. கறுத்தா கறுத்துட்டுப் போகுது. அதான் நல்ல கத்தி."

ஃபரீத் நெளிந்தார். "அது உங்க மணிக்கட்டுக்கு ஆகாது சார்."

"நல்லா ஆகுதுங்க."

"பிடி கொஞ்சம்..."

"பிடியும் புடிச்சிருக்குது."

"புதுசா ஒண்ணு அடிச்சிட்டிருக்கேன். அடுத்த மாசம் வந்தீங்கன்னா..."

"ஏனுங்க பாய், கத்தி விக்கத்தானே கடை வெச்சிருக்கீங்க?"

ஃபரீத் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அது மொத நாளே வித்துப்போச்சு சார். உங்க ஊட்டுல அக்காதான் போன்ல அதுக்குக் காசு அனுப்பிட்டு, உங்க கைக்கு மட்டும் எந்தக் கத்தியும் ஒத்துவந்துடாமப் பாத்துக்கச் சொன்னாங்க."