பொறுப்பு இயக்குநருக்கு ஒரு நாள் தற்செயல் விடுப்பு

கிழக்குத் தாம்பரம்

பாசமுள்ள மச்சான் ஜெபசீலன் அவர்களுக்கும் வீட்டில் அனைவருக்கும் எட்மண்ட் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே உங்கள் தங்கை ஈவ்லினும் மகள் அபிகாயிலும் பூரண சுகம். நான் பொறுப்பு அடிப்படையில் சுகம். பாளையங்கோட்டையில் வெயிலும் உங்கள் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுவான் என்று நினைக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் போட்டால் குடும்பக் குரூப்பில் ஆளாளுக்குக் கருத்துச் சொல்வார்கள், மீதிப் பேர் கைகூப்புகிற படம் போடுவார்கள். போனில் சொன்னால் உங்கள் தங்கை பக்கத்தில் நின்று காது கொடுப்பாள். விஷயம் நமக்குள் இருக்கட்டும். பத்தாம் தேதி அபிகாயிலின் கல்யாணத்தன்று, கோயில் வாசலிலிருந்து போதகர் ஐயர் நிற்கிற ஆல்டர் வரைக்கும் அவளைக் கைபிடித்து அழைத்து வர என்னால் முடியாது போலிருக்கிறது. தாய்மாமன் நீங்கள்தான் அழைத்து வர வேண்டும். நல்லதாக ஒரு கோட்டு தைத்துக்கொள்ளுங்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை.

பெற்ற மகள் கல்யாணத்துக்கு லீவு கொடுக்காத ஆபீஸ் எந்த ஊரில் இருக்கிறது என்று நீங்கள் கொதிப்பது எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். எங்கள் பல்கலைக்கழகம் நகரத்துக்குள் இருக்கிறது. அதன் கிளை வளாகம் சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது. பாடம் என்றால் பதிவாளரைக் கேட்க வேண்டும், பணம் என்றால் நிதி அலுவலரை, கட்டடம் என்றால் எஸ்டேட் ஆபீசரை. பிறகு கிளை வளாகத்துக்கு இயக்குநர் எதற்கு என்றால், பசங்கள் கேட்டில் உட்கார்ந்து கோஷம் போடும்போது இறங்கிப்போய் வெயிலில் நிற்பதற்கு. நான் முழு இயக்குநர்கூட இல்லை, பொறுப்பு இயக்குநர். முன்பு இருந்தவர் ஓய்வுபெற்றபோது 'மறு உத்தரவு வரும்வரை' என்று என் தலையில் கட்டினார்கள். மறு உத்தரவு இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. அதற்குள் துணைப் பதிவாளர் மாற்றலாகிப் போனார், அந்தப் பொறுப்பும் என்னிடம் வந்தது. துறைத்தலைவர் பொறுப்பு ஏற்கெனவே என்னிடம்தான். ஒரு பல்பு ஃப்யூஸ் போனால் மாற்றுவதற்கு எனக்கு அதிகாரம் இல்லை மச்சான், ஆனால் அந்த இருட்டில் பரீட்சை நடத்த முழு அதிகாரம் உண்டு.

இப்படியிருக்க, கல்யாணத் தேதி குறித்தவுடன் ஒரு நாள் தற்செயல் விடுப்பு கேட்டு விண்ணப்பம் எழுதினேன். அதைத் துறைத்தலைவர் பரிந்துரைக்க வேண்டும், பரிந்துரைத்தேன். துணைப் பதிவாளர் சரிபார்க்க வேண்டும், அங்கேதான் சனியன் பிடித்தது. சரிபார்க்கிற நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு அண்ணன் தம்பி கிடையாது, அது உங்களுக்கே தெரியும். 'விண்ணப்பதாரர் இல்லாத நாளில் பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்படும் என்று தெரிவிக்கப்படவில்லை. திருப்பி அனுப்பப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். என் மேஜையிலிருந்து புறப்பட்ட காகிதம் என் மேஜைக்கே வந்து சேர்ந்தது. தூக்கிக்கொண்டு வந்த ஆபீஸ் உதவியாளர் செல்லியம்மாள் வாசலிலேயே நின்று, "இன்னா சார் இது, உங்க லீவ நீங்களே திருப்பி அனுப்பிக்கினு கீறீங்க? வூட்ல எதுனா சண்டையா?" என்று கேட்டாள். "விதின்னா விதிதாம்மா" என்றேன். "அட போ சார், பொண்ணு கல்யாணத்துல போயி விதியப் பாத்துகினு" என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள். ஆனால் பொறுப்பை யாரிடம் கொடுப்பது, நீங்களே சொல்லுங்கள். மற்றவர்கள் எல்லாம் கௌரவ விரிவுரையாளர்கள், அவர்களுக்குக் கௌரவம் கொடுக்கலாம், பொறுப்பு கொடுக்கக் கூடாது. என்னைத் தவிர நிரந்தர ஆசிரியர் பிரசன்னா ஒருவர்தான். அவர் ஆய்வு விடுப்பில் வெளிநாடு போயிருக்கிறார். அந்த விடுப்பை ஒரே நாளில் பரிந்துரைத்து அனுப்பிவைத்த புண்ணியவானும் நான்தான்.

சரி, மேலிடத்துக்கே எழுதுவோம் என்று எழுதினேன். பதிவாளர் போன் போட்டார். "எட்மண்ட், உங்களுக்கு லீவு சாங்ஷன் பண்ற அதாரிட்டி யாருன்னு சட்டத்துலயே இல்லையே. டைரக்டர்னா வி.சி. தரணும். வி.சி. சீட்டு காலியா கெடக்கு. நீங்க இன்சார்ஜ், நானும் இன்சார்ஜ். இன்சார்ஜுக்கு இன்சார்ஜ் லீவு குடுத்தா ஆடிட்காரன் சும்மா விடுவானா?" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று சிண்டிகேட் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். ஒரு காம்பவுண்டு சுவருக்கும் ஓர் இரங்கல் தீர்மானத்துக்கும் நடுவில் என் மகள் கல்யாணம் பொருளாக வந்தது. எல்லாரும் தலையாட்டத் தயாராகத்தான் இருந்தார்கள், ஆனால் ஜெயவேலு என்று ஓர் உறுப்பினர் இருக்கிறார், எங்கள் ஏரிக்கரைப் பக்கத்து நிலக்காரர், நல்ல மனிதர், வாயைத் திறக்காதவரை. அவர் எழுந்து, "ஒரு கிளைக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாக் கிளையும் வந்து நிக்கும். பாலிசி வேணும்ங்க" என்றார். பாலிசி என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாருக்கும் தெம்பு வந்துவிட்டது. 'கிளை வளாகத் தலைவர்களின் விடுப்பு நெறிமுறைகளை வகுப்பதற்கான துணைக்குழு' அங்கேயே பிறந்தது. கிளையைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் கன்வீனராக இருந்தால் நல்லது என்று என்னையே கன்வீனராகப் போட்டார்கள்.

துணைக்குழு கள ஆய்வுக்கு வந்த கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வந்து இறங்கியதும் ஜெயவேலு ஏரிப்பக்கம் பார்த்து, "இது எங்க மாமா நெலமாச்சே, எல்லைக்கல்லு எங்க?" என்று கேட்டார். கேட்டவர் சும்மா இருந்தாரா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் இறங்கிவிட்டார். பின்னாலேயே துணைக்குழு இறங்கியது, துணைக்குழு இறங்கினால் கன்வீனர் இறங்காமல் இருக்க முடியுமா, நானும் இறங்கினேன், என் பேண்ட்டு ஒரு முள்ளில் மாட்டிக்கொண்டது, செல்லியம்மாள் மாடி ஜன்னலில் நின்று வழி சொன்னாள். பிரியாணி ஆறிப்போனதுதான் மிச்சம். சாயங்காலம் அறிக்கை எழுதினார்கள். 'எல்லைக்கல் காணப்படவில்லை' என்று ஒரே வரி. என் லீவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை இறுதிக் கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த இறுதிக் கூட்டம் பத்தாம் தேதி காலை பத்தரை மணிக்கு என நிர்ணயிக்கப்பட்டுள்ளது.

நம்ம நேரத்தைப் பாருங்கள் மச்சான்! கன்வீனர் இல்லாமல் கூட்டம் நடக்காது, கூட்டம் நடக்காமல் லீவு கிடையாது, லீவு இல்லாமல் நான் கோயிலுக்கு வர முடியாது. இரண்டு மணி நேரம் பர்மிஷன் போடேன் என்பீர்கள். அதற்கும் அதே அதாரிட்டி, அதே காலி நாற்காலி. சொல்லாமல் கொள்ளாமல் ஓடி வந்துவிடு என்பீர்கள். ரிட்டயர் ஆகப்போகிற நேரத்தில் ஆடிட்காரன் பென்ஷனில் கை வைத்துவிடுவான். ஆகவே வேறு வழியில்லை, நீங்களே செய்யுங்கள். சில விஷயங்கள் மட்டும் சொல்கிறேன். அபிகாயில் வேகமாக நடப்பாள், நடந்து பழகிய நாளிலிருந்தே அப்படித்தான், கையை உதறிவிட்டு முன்னால் ஓடுவாள். மெதுவாக வரச் சொல்லுங்கள், அவசரம் ஒன்றுமில்லை. வலது கையைக் கொஞ்சம் இறுக்கமாகவே பிடியுங்கள். பெண்ணைக் கொடுப்பது யார் என்று ஐயர் கேட்பார். சத்தமாக 'நான்' என்று சொல்ல வேண்டும். எனக்கு இப்போது கொஞ்ச நாளாகத் தொண்டை சரியில்லை, எப்படியும் எனக்கு அது சரியாக வந்திருக்காது.

அக்காவுக்கு என் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தம். மேலிடங்களுக்கெல்லாம் மேலான ஆண்டவர், எந்தத் துணைக்குழுவையும் கேட்காமல் உங்கள் எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை
எட்மண்ட் (பொறுப்பு)

பின்குறிப்பு: அண்ணா, ஈவ்லின் எழுதறேன். ஸ்பீட் போஸ்ட்ல போடச் சொல்லி இதை என் கையிலதான் குடுத்தாரு. படிக்காம ஒட்டறதுக்கு நான் என்ன போஸ்ட்மாஸ்டரா? ஒரு வார்த்தையும் நம்பாதீங்க. பத்தாம் தேதி ரெண்டாம் சனிக்கிழமை. காலேஜும் லீவு, ஆபீஸும் லீவு. லீவு நாளுக்கு எவனாவது லீவு கேப்பானா? கூட்டத்துக்குத் தேதி குறிக்கறது கன்வீனர், அந்தக் கன்வீனர் யாருன்னு அவரே மேல எழுதியிருக்காரு. பதிவாளருக்குப் போன் பண்ணேன். "என்னம்மா கூட்டம்? பத்தாம் தேதி நாங்க எல்லாரும் உங்க வீட்டுக் கல்யாணத்துக்குல்ல வர்றோம்? ஜெயவேலு வேன்கூட பேசிட்டாரே"ங்கறாரு.

இவர் முன்னாடி உக்காந்து நேராவே கேட்டேன். ஃபேனைப் பாத்துக்கிட்டே, "அவளைக் கொண்டுபோய் அங்க விட்டுட்டு, நான் மட்டும் திரும்பி வந்து பெஞ்சுல உக்காரணுமே ஈவ்லின்"னாரு. எனக்கும் அழுகை வந்துடுச்சு அண்ணா, ரெண்டு பேரும் அழுதோம். அபிகாயில் வந்து பாத்தா. விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பான்னு நெனச்சேன், சிரிக்கல. "அப்பா வர்ற வரைக்கும் நான் கோயில் வாசல்லயே நிக்கிறேம்மா. பொழுது போனாலும் பரவால்ல"ன்னுட்டு உள்ள போயிட்டா.

மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்தாரு. இப்ப ஹால்ல இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு, வலது கையை லேசா மடிச்சுக்கிட்டு, மெதுவா நடந்து பாத்துட்டிருக்காரு.