சங்கு ஊதாத ஒரு மணி

நான் செய்த முட்டாள்தனங்களை எழுத உட்கார்ந்தால் ஒரு குயர் நோட்டு பத்தாது. அவற்றில் பெரும்பாலானவற்றை நானே சொல்லிச் சிரித்துவிடுவேன். ஒன்றைச் சொல்லும்போது மட்டும் பாதியில் தொண்டையைக் கனைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெற்ற குழந்தையை பஸ் மாதிரி ஓட்டப் பார்த்தவன் நான்.

அறுபதுகளின் கடைசியில், காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு நான் டைம் கீப்பர். வயது இருபத்தாறு. ஒரு ஸ்டூல், ஒரு விசில், ஒரு கைக்கடிகாரம், இவ்வளவுதான் என் ராஜ்யம். இரண்டு நிமிஷம் தாமதமாக வந்த டிரைவரை நான் பார்க்கிற பார்வையில் ரேடியேட்டர் தண்ணீர் தானாகக் கொதிக்கும் (என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டிரைவர்கள் பீடியை அணைக்கக்கூட மாட்டார்கள்).

பிரசவத்துக்கு முசரவாக்கத்துக்குத் தாய் வீடு போயிருந்த என் மனைவி சரசு, மூன்று மாதப் பெண் குழந்தையோடு திரும்பி வந்த சமயம். யாரோ ஒரு பயணி பஸ்ஸில் விட்டுப்போன புத்தகம் ஒன்று என் அறையில் கேட்பாரற்றுக் கிடந்தது. அட்டை இல்லை. குழந்தையை நேரப்படி வளர்ப்பது எப்படி என்று சொல்லும் புத்தகம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் பால், ராத்திரியில் அதுவும் கிடையாது. நடுவில் அழுதால் தூக்கக் கூடாது. அழுகை நுரையீரலுக்கு நல்லது. தூங்கவைக்க ஆட்டவே கூடாது. எனக்குப் புல்லரித்துவிட்டது. பச்சைக் குழந்தைக்குக்கூட டைம் டேபிள் உண்டு என்று எழுதின அந்த மகானை நேரில் பார்த்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

அன்றைக்கே தூளியை அவிழ்த்து, புடவையை மடித்துப் பரண்மேல் போட்டேன். அட்டை ஒன்றில் கோடு போட்டுச் சுவரில் மாட்டினேன். வீட்டில் கடிகாரம் கிடையாது, இருந்த ஒன்றும் என் மணிக்கட்டில். அதற்கும் வழி கண்டுபிடித்தேன். முனிசிபாலிட்டி சைரனை எங்கள் ஊரில் சங்கு என்போம். காலை ஐந்து, ஒன்பது, பகல் ஒன்று, மாலை ஐந்து, இரவு ஒன்பது என்று ஊதும். எண்ணிப் பாருங்கள், சரியாக நாலு மணி நேர இடைவெளி! ஊரே என் குழந்தைக்காகச் சங்கு ஊதுகிறது என்று தோன்றிவிட்டது எனக்கு.

“சங்கு ஊதினா பால். ஊதலைன்னா இல்லை. புரியுதா?” என்றேன்.

சரசு குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள்.

முதல் வாரம் குழந்தை கத்தின கத்தலில் தெருவே எழுந்து உட்கார்ந்தது. ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அது வீல் வீல் என்று அழுகிறது. சரசுவின் ரவிக்கை பாலில் நனைந்து போயிருக்கிறது. நான் வாசற்படியில் நின்று, கடிகாரத்தைப் பார்த்து, “இன்னும் அம்பத்தெட்டு நிமிஷம் இருக்குது” என்றேன். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன்.

இரண்டாவது வாரம் அழுகை நின்றுபோனது. சங்குக்குச் சங்கு அட்டையில் டிக் விழுந்தது. நான் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பிள்ளை பெற்ற கண்டக்டர்களுக்கெல்லாம் இலவசமாக வகுப்பு எடுத்தேன்.

அப்படியே இருந்திருந்தால் இன்றைக்கும் என்னை மேதை என்று நினைத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பகல் இரண்டரை மணிக்கு டீ குடிக்கப் போனேன். கடைக்காரர் விசிறிக்கொண்டே, பன்னிரண்டு மணியிலிருந்து கரண்ட் இல்லை, ஒரு மணிச் சங்குகூட ஊதவில்லை என்றார். டீ கிளாஸைக் கீழே வைத்தேன். ஒரு மணிச் சங்கு ஊதவில்லை! சரசுவோ நான் கிழித்த கோட்டைத் தாண்டாதவள். அப்படியானால் குழந்தை காலை ஒன்பது மணிக்குக் குடித்ததுதான்.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் நான் டைம் கீப்பர் ஆயிற்றே, அடுத்தடுத்து மூன்று வண்டி வரவேண்டியிருந்தது. எங்கள் தெரு முனை வழியாக முசரவாக்கம் போகிற வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. கண்டக்டர் ஏகாம்பரத்தைப் பிடித்தேன். அவனிடம் ‘பால் கொடுக்கச் சொல்’ என்று சொல்ல எனக்கு வெட்கம். கட்டின மனைவி குழந்தைக்குப் பால் கொடுப்பதை இன்னொரு ஆண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? கௌரவமாக இருக்கட்டும் என்று வார்த்தையை மாற்றினேன்.

“வூட்ல சொல்லிட்டுப் போபா. சங்குக்குக் காத்துக்கினு இருக்க வேணாம். குழந்தைக்கு உடனே பால் ஊத்தச் சொன்னேன்னு சொல்லு.”

ஏகாம்பரம் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அவசரத்தில் அதைக் கவனிக்கவில்லை.

அவன் நல்லவன். வண்டியை நிறுத்தி இறங்கிப் போயிருக்கிறான். வீடு பூட்டியிருந்தது. செய்தியைச் சேர்க்காமல் விடக் கூடாதென்று முசரவாக்கம் வரைக்கும் கொண்டுபோய், பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்திருந்த சரசுவின் அண்ணன் கோவிந்தனிடம் அப்படியே ஒப்பித்திருக்கிறான். வீடு பூட்டியிருக்குது. சங்குக்குக்கூடக் காத்திருக்க வேணாமாம். குழந்தைக்குப் பால் ஊத்தணுமாம். உடனே.

நீங்களே சொல்லுங்கள், தமிழ் தெரிந்தவன் அதை வேறு எப்படிப் புரிந்துகொள்வான்?

மூன்று ஐம்பதுக்கு வரவேண்டிய வண்டி மூன்று இருபதுக்கே பஸ் ஸ்டாண்டுக்குள் பாய்ந்து வந்தது. வழியில் எங்கும் நிற்கவில்லை என்பது தெரிந்தது. முப்பது நிமிஷம் முன்னதாக! காதிலிருந்த பென்சிலை உருவி, டிரைவர்மேல் ரிப்போர்ட் எழுத ஆரம்பித்தேன். இரண்டு வார்த்தை எழுதியிருப்பேன். கோவிந்தன் மச்சான் படியிலிருந்து குதித்து, என்னைக் கட்டிக்கொண்டு கதறினார்.

“மாப்ள, கொழந்தை போயிடுச்சே மாப்ள.”

நான் அனுப்பிய செய்திதான் எனக்கே திரும்பி வந்திருக்கிறது என்று யோசிக்க எனக்கு மூளை இல்லை. ஒன்று மட்டும்தான் தெரிந்தது. ஒன்பது மணிக்குப் பிறகு பால் இல்லை, அதனால்தான் போயிற்று, பட்டினி போட்டவன் நான். ஸ்டூல் உருண்டது. பஸ் ஸ்டாண்ட் நடுவில் தலையில் அடித்துக்கொண்டு, “நான்தான் மச்சான் கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன்” என்று கத்தினேன். (அங்கே ஒரு போலீஸ்காரர் இருந்தார். என் அதிர்ஷ்டம், அவர் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.)

பஸ்ஸைத் திருப்பினார்கள். பயணிகள் யாரும் இறங்கவில்லை. அரை பஸ் ஜனம் என்னோடு எங்கள் தெருவுக்கு வந்தது. வீடு பூட்டியேதான் இருந்தது. நான் பூட்டைப் பிடித்து உலுக்கினேன். பக்கத்து வீடு கைத்தறி வீடு, நாள் பூரா தறிச் சத்தம் கேட்கும். சத்தம் நின்று, அந்த வீட்டு லட்சுமம்மா வெளியே வந்தாள்.

“ஏமய்யா, இன்னாத்துக்கு இந்தக் கூட்டம்? உன் பொண்டாட்டி இங்கதான் கீது.”

உள்ளே ஓடினேன். தறிக்குப் பின்னால், சுவர் ஓரமாக, சரசு உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, சுகமாகப் பால் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு கால் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் சரசு என்ன செய்தாள் தெரியுமா? குழந்தையைப் புடவைத் தலைப்பால் மூடினாள். சின்னப் பாதம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதையும் கையால் மறைத்தாள்.

“அஞ்சு மணி ஆயிடுச்சாங்க? சங்கு காதுல விழலியே. இப்பதாங்க எடுத்தேன். கொஞ்சம்தான் குடிச்சுது.”

ஒரு வாரமாக இதுதான் நடந்திருக்கிறது. குழந்தை அழுதால் தறிச் சத்தத்துக்குள் கொண்டுவந்து, நான் வரமாட்டேன் என்று தெரிந்த நேரமாகப் பார்த்துப் பால் கொடுத்திருக்கிறாள். சங்கு ஊதினதும் வீட்டுக்குப் போய் அட்டையில் டிக் போட்டிருக்கிறாள். என் மாபெரும் வெற்றியின் ரகசியம் அதுதான்.

என் தோளில் இருந்த மச்சானின் கை மெதுவாக விலகியது.

“மாப்ள, என் தங்கச்சி எதுக்கு ஒளிஞ்சிக்கினு பால் குடுக்குது?”

வாசலில் அரை பஸ் ஜனம் பதிலுக்குக் காத்திருந்தது. தலையில் கூடை வைத்திருந்த ஒரு அம்மாள் மட்டும், “அதான் கொழந்தை நல்லா இருக்குதே, வண்டியை எடுங்கப்பா, எனக்கு செவிலிமேட்டு பஸ்ஸு பூடும்” என்றாள். அந்தம்மாளுக்கு நான் இன்றைக்கும் நன்றிக்கடன் பட்டவன்.

அன்றைக்குச் சாயங்காலம் மச்சானே பரணில் ஏறித் தூளியை எடுத்துக் கட்டினார். அட்டையைச் சரசு கிழிக்கவில்லை, நான்தான் கிழித்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை அழுதபோது ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் எடுத்தாள். அந்தத் திரும்பிப் பார்த்தல் நிற்க இரண்டு மாதம் ஆயிற்று.

அந்தக் குழந்தைக்கு இப்போது ஒரு குழந்தை. பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறாள். அவள் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், சரசு சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்.

“டைம் கீப்பர் வர்றாருடி, கொழந்தை காலை மறைச்சிக்கோ.”

உள்ளே ஒரே சிரிப்பு. நானும் சிரித்துவிட்டு, செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வருகிறேன்.