ஜாபஸுக்கு ஒரு நிமிட மௌனம்

மறைந்த கலைஞர்களைப் போற்றுவது நம் மரபு. உயிரோடு இருக்கிற கலைஞர்களைப் போற்றுவது மரபில் இல்லை. அண்ணனூர்க்காரர்களாகிய நாங்கள் இந்த மரபை ஒருநாளும் மீறியதில்லை என்பதைப் பணிவுடன் பதிவு செய்துகொள்கிறேன்.

ஜாபஸ் எங்கள் காலனிக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் செய்கிற கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச், மாலையில் கிடார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற முனியன் டிரம்ஸ், கிறிஸ்துராஜ் இன்னொரு கிடார். குழுவின் பெயர், ஊரில் இருக்கும் மின்சார ரயில் பணிமனையின் பெயரே, 'கார்ஷெட்'. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் காலனி மைதானத்தில் வாசிப்பார்கள். சினிமாப் பாட்டு இல்லை, எல்லாம் சொந்தப் பாட்டு, சுத்தமான ராக். சும்மா சொல்லக் கூடாது, சத்தம் ஆவடி வரை கேட்கும்.

அவருடைய பாட்டுகளில் பெரியது 'ஷன்டிங்'. மின்சார ரயில் பெட்டிகள் இடித்துக்கொண்டு சேர்வதுபோல ஆரம்பிக்கும். போகப் போக ஏறும். இதற்கு மேல் காது தாங்காது என்கிற இடத்தில் எல்லாச் சத்தமும் அடங்கி, கடைசியில் இரண்டே வரி, தாலாட்டு மாதிரி வரும். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூக்கம் வராமல் புரண்ட மனைவி ஸ்வீட்லினுக்காக அவர் கட்டிய வரிகள் அவை.

அந்த இரண்டு வரியை ஸ்வீட்லினைத் தவிர ஊரில் யாரும் கேட்டதில்லை. காரணம், குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் வெற்றிச்செல்வன். மைதானத்துக்குக் கரன்ட், மேடையை ஒட்டிய சங்க அலுவலகத்திலிருந்துதான் போகிறது. பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது செயலாளருக்குப் பொறுமை போகும். போய் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான். இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் அவர் கேட்ட அமைதியை அந்தப் பாட்டே கொடுத்திருக்கும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அவருக்குப் பூமி எதற்கு, சங்கத்தை ஆண்டால் போதாதா?

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து ஜாபஸ் செத்துப்போனார். நல்ல மனுஷன். எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அதன் பிறகுதான் அவர் பெரிய கலைஞர் ஆனார். யாரோ பழைய வீடியோ ஒன்றை நெட்டில் போட்டார்கள். ஜாபஸ் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருக்கிறார், பொட்டென்று எல்லாம் நின்றுபோகிறது, திரையின் ஓரத்தில் மெயின் சுவிட்சின்மேல் வெற்றிச்செல்வனின் கை தெரிகிறது. உலகம் முழுக்க அதைப் பார்த்துவிட்டு அந்தக் கையைத் திட்டினார்கள். மறுவாரமே 'ராக் இசை மாமணி ஜாபஸ் நினைவேந்தல் குழு' உதயமானது. தலைவர், வெற்றிச்செல்வன்.

"பாட்டாலேயே அஞ்சலி செய்யப் போறோம்மா. படமாவே எடுத்து உலகத்துக்குக் காட்டப் போறோம்" என்று ஸ்வீட்லின் வீட்டுக்கே வந்து சொன்னார்.

"ஷன்டிங்க முழுசா வாசிக்க வுடுவீங்களா சார்? எனக்கு அது போதும். அந்தக் கடைசி ரெண்டு வரிய நானே பாடிடறேன்" என்றாள் ஸ்வீட்லின்.

"அதுக்குத்தானம்மா விழாவே!"

அனுமதி வாங்க இருவரும் அரசு அலுவலகம் போனார்கள். பண்பாட்டு நிகழ்வுகள் (ஒலி) உட்பிரிவின் அலுவலர் அனுசுயா, மனுவை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் பார்த்தார்.

"கச்சேரின்னு போட்டிருக்கீங்க. பரீட்சை சமயத்துல கச்சேரி கூடாது. நினைவேந்தல்னா தரலாம்."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?" என்றாள் ஸ்வீட்லின்.

"எப்படிம்மா ஒண்ணாகும்? நினைவேந்தல்ல பேச்சு வரும், அழுகை வரும், கைதட்டு வரும். இதெல்லாம் சத்தத்துல சேராது. பாட்டு சேரும்."

"செத்துப்போனவரு பாட்டுக்காரரு மேடம்."

"அதுக்காகத்தான் ஒரு பாட்டுக்கு விதிவிலக்கு தர்றேன். கடைசியா வெச்சுக்குங்க. ஏழு மணிக்கு மேல ஒரு சத்தம் வரக் கூடாது. நானே நேர்ல வருவேன்."

விழா ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தது. படம் எடுக்க வந்தவர் சரண். திருநின்றவூரிலிருந்து வேப்பம்பட்டு வரை எந்தக் கல்யாணமானாலும் வீடியோ அவர்தான். கேமராவில் சரியாக விழவில்லை என்றால் தாலியை அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்லக்கூடிய நேர்மையான கலைஞர்.

தமிழ்த்தாய் வாழ்த்து, ஜெபம், குத்துவிளக்கு. குத்துவிளக்கை மட்டும் நான்கு கோணத்தில் ஏற்றினார்கள். பிறகு ஜாபஸின் படத்துக்குப் பொன்னாடை. குழு உறுப்பினர்கள், அவர்களுடைய மைத்துனர்கள், மைதானத்தில் தள்ளுவண்டி போடுகிறவர் எல்லோரும் வரிசையாக வந்து போர்த்தினார்கள். முகம் மறைந்தது, சட்டமும் மறைந்தது. மேடையில் ஒரு ஜவுளி மூட்டை கௌரவமாக உட்கார்ந்திருந்தது. அந்த மூட்டையைப் பார்த்துத் தலைவர் உரையாற்றினார்.

"அவர் வாசித்தபோதெல்லாம் நான் அருகிலேயே இருந்தவன்! அவருடைய இசையின் உச்சத்தை என்னைப்போல் உணர்ந்தவர் எவருமில்லை!"

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

முனியன் டிரம்ஸுக்குப் பின்னால் குச்சியோடு காத்திருந்தான். கிறிஸ்துராஜ் கிடாரை மாட்டிக்கொண்டு நின்றான். ஸ்வீட்லின் மைக் அருகில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாட்டுக்கு வேண்டிய நேரம் இன்னும் இருந்தது. அப்போது வெற்றிச்செல்வன் அறிவித்தார்: "பாடலுக்கு முன்பாக, ஒரு நிமிட மௌன அஞ்சலி!"

எல்லோரும் எழுந்து தலையைக் குனிந்தார்கள். பாதி நிமிடத்தில் கார் ஷெட்டிலிருந்து ஒரு ஹாரன்.

"கட்!" என்றார் சரண். "சார், மௌனத்துல ஹாரன் விழுந்துடுச்சு. ஒன் மோர்."

மறுபடி குனிந்தார்கள். இந்த முறை சுண்டல்காரர் மணி அடித்தார். ஒன் மோர். அடுத்ததில் யாரோ தும்மினார்கள். அதற்கடுத்தது அருமையாக வந்தது; ஆனால் தலைவர் சிரித்தமுகமாக இருந்துவிட்டார். கேமராவைப் பார்த்தால் சிரிப்பது அவருக்குப் பழக்கதோஷம்.

"அண்ணாத்தே, மௌனம் போதும், பாட்டுக்கு வுடு" என்றான் முனியன்.

"ப்ரோ, கேமராவுக்கு எமோஷன் வேணும். அஞ்சலி இல்லாம அஞ்சலிப் படம் எப்படி எடுக்கறது?"

"அந்தாண்ட டிரெயினு ஓடிகினேதான் கீது. அத்த நிறுத்துவியா?"

"ஒரே ஒரு டேக் ப்ரோ."

ஒன்பதாவது டேக்கில், தெய்வாதீனமாக, அண்ணனூர் முழுக்க ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது. சரண் கண் கலங்கிக் கட்டை விரலைக் காட்டினார். முனியன் குச்சியைத் தூக்கினான். அனுசுயா மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"மணி ஏழு."

"மேடம், ஒரே பாட்டு" என்றாள் ஸ்வீட்லின்.

"விதின்னா விதிதானம்மா. மத்தபடி விழா ரொம்ப உருக்கமா இருந்தது."

வெற்றிச்செல்வன் தாமாகவே முன்வந்து மெயினை இறக்கினார்.

அத்தோடு போயிருந்தால் இதைக் கதை என்று சொல்ல மாட்டேன். நம் ஊரில் நடப்பதுதான். ஆனால் சரணின் கையில் படம் இருந்தது. பாட்டு இல்லை, எட்டு வீணான மௌனமும் ஒரு நல்ல மௌனமும் இருந்தன. டிரம்ஸுக்குப் பின்னால் கொலைவெறியோடு உட்கார்ந்திருக்கும் முனியன், கிடாரைத் தொடாமல் நிற்கும் கிறிஸ்துராஜ், மைக் முன்னால் வாயைத் திறக்காமல் கண் கலங்கும் ஸ்வீட்லின். இருந்ததை வெட்டி ஒட்டி, 'ஒலிக்கு அப்பால்' என்று பெயர் வைத்து வெளியிட்டார்.

ஊர் உலகம் அசந்துபோனது. 'ராக் இசைக்குள் மௌனத்தைக் கொண்டுவந்த முன்னோடி ஜாபஸ்' என்று எழுதினார்கள். 'வாசிக்காமலே உலுக்கிவிட்டார்' என்றார் ஒரு விமர்சகர். எங்கேயோ நடந்த படவிழாவில் பரிசு கொடுத்தார்கள். வாங்கப் போனவர் வெற்றிச்செல்வன்.

அப்புறம் பிடித்தது பாருங்கள், மௌன ராக் மோகம்! ஆவடியில் ஒரு குழு, பூந்தமல்லியில் இரண்டு குழு. எல்லோருக்கும் நீள முடி, கறுப்பு டி-ஷர்ட், அதில் ஜாபஸ் முகம், கீழே வாய்மேல் விரல். மேடை ஏறுவார்கள், முறைத்துக்கொண்டு நிற்பார்கள், வியர்க்கும், இறங்குவார்கள். ரசிகர்கள் சத்தம் வராமல் தலையை ஆட்டுவார்கள். திருவேற்காட்டில் வெற்றிச்செல்வன் பயிற்சிப் பள்ளியே திறந்தார். பிள்ளை வாசிக்கப் பழகினால் அக்கம்பக்கத்தில் சண்டை வரும் என்று பயந்த பெற்றோர்கள் முதலில் சேர்த்தார்கள். கல்யாண மண்டபங்களில் மௌன ராக் வைத்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் பேசிக்கொள்ள வசதியாக இருந்தது. இதற்கெல்லாம் அனுசுயா மேடம் கேட்ட அன்றைக்கே அனுமதி கொடுத்தார். பரீட்சை சமயமானாலும் தடையில்லை.

ஸ்வீட்லின் ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொன்னாள். "அவரு அமைதியான பாட்டுக்காரரு இல்லங்க. ஷன்டிங்னு ஒரு பாட்டு..." டி-ஷர்ட் போட்ட பையன்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். பெண்டாட்டிக்குப் புருஷன் அருமை எங்கே தெரியும் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

கிறிஸ்துராஜ் கிடாருக்குக் கம்பி கட்டுவதையே நிறுத்திவிட்டான். ஸ்வீட்லின் முனியனிடம் போனாள்.

"அண்ணி, நா இன்னா செய்ய சொல்லு" என்றான் முனியன். "உயிர குடுத்து அடிச்ச காலத்துல ஒரு டீ வாங்கிக் குடுத்தது இல்ல. இப்ப சும்மா குந்திகினு கீறேன், பிரியாணி போட்டு மாலை போடறான்."

"அவரு பாட்டு முனியா. ஒரு தபா முழுசா கேக்கணும்."

முனியன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். தொழில்முறைப் பழக்கம் என்றுதான் அவள் நினைத்தாள். கடைசியில் சொன்னான்: "குச்சி ஊட்லதான் கீது அண்ணி. எத்தினி மணிக்கு வரணும்?"

முதலாண்டு நினைவு நாளும் வந்தது. அதே மைதானம், இப்போது நாற்காலி போதவில்லை. சரணிடம் மூன்று கேமரா. மேடையில் வழக்கம்போல டிரம்ஸ், கிடார், ஸ்பீக்கர், எல்லாம் அலங்காரத்துக்கு. கலைஞரின் துணைவியார் கிடாரைத் தாங்கி நிற்பார் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். தாங்கி நின்றாள். ஆனால் அது ஜாபஸின் கிடார். வருஷம் முழுக்க ஷிப்ட் முடிந்து வந்து தானாகக் கற்றுக்கொண்டிருந்தாள். ஒயரை எடுத்து ஸ்பீக்கரில் சொருகினாள். முனியன் இடுப்புக்குப் பின்னால் சொருகியிருந்த குச்சியை உருவினான்.

ஷன்டிங் ஆரம்பித்தது.

பெட்டியும் பெட்டியும் இடித்தன. மைதானம் அதிர்ந்தது. அவள் சுமாராகத்தான் வாசித்தாள். ஆனாலும் ஜாபஸே வந்து நிற்கிறார் என்று நினைத்தேன். ரசிகர்கள் முதலில் காதைப் பொத்தினார்கள். பிறகு எழுந்தார்கள்.

"ஜாபஸ் அண்ணனை அவமானப்படுத்தாதே!"

"இது அவர் பாணியே இல்ல! நிறுத்து!"

"சத்தத்துக்கு அனுமதி ஏது?" என்று கத்தினார் அனுசுயா மேடம்.

பாட்டு ஏறியது. காது தாங்காது என்கிற இடத்தை நெருங்கியது. வெற்றிச்செல்வன் இந்த முறை எழுந்திருக்கவே இல்லை, அவருக்கு அவசியம் இருக்கவில்லை. ஜாபஸ் முகம் போட்ட டி-ஷர்ட்காரர்கள் நூறு பேர், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு ஓடி மெயினை இறக்கினார்கள். அதே இடத்தில்தான்.

எல்லாம் அடங்கியது. களங்கம் துடைக்கப்பட்டதை முன்னிட்டு, வெற்றிச்செல்வன் கை உயர்த்தினார். "நம் ஜாபஸுக்காக, ஒரு நிமிடம்." கூட்டம் மொத்தமும் தலை குனிந்தது. கேமராக்கள் பேட்டரியில் ஓடின. கார் ஷெட்கூட வாயை மூடிக்கொண்டிருந்தது.

அந்த அமைதியில், மைக் இல்லாமல், கரன்ட் இல்லாமல், ஸ்வீட்லின் கண்ணை மூடி அந்தக் கடைசி இரண்டு வரியை மெல்லப் பாடினாள்.

"ஓடுன வண்டியெல்லாம் ஷெட்டுக்கு வந்தாச்சு... ஒரு சத்தமும் இல்ல, தூங்கு..."

முன்வரிசையில் ஒரு பையன், மார்பில் ஜாபஸ், கண்ணில் நிஜமான நீர், தலையை நிமிர்த்தி வாய்மேல் விரலை வைத்தான்.

"உஷ்! ஜாபஸ் அண்ணனைக் கேட்க வுடுங்கக்கா."