ஒற்றை உரிமம்

"ஒண்ணா? எதுக்கு ஒண்ணு?"

தூண்டில் கடை ஆர்லிஸ் மீன்பிடி உரிமம் பதியும் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

ஓரின் பின்னால் திரும்பிப் பார்த்தான். விடிந்தால் மினசோட்டா ஏரிகளில் 'வால்ஐ' என்னும் மீனைப் பிடிக்கத் தொடங்கலாம். வரிசையில் பதினொரு பேர். பதினொரு பேருக்கும் அவனைத் தெரியும்.

"எனக்கு மட்டும் போதும்."

"வருஷா வருஷம் புருஷன் பொண்டாட்டி உரிமம்தானே வாங்குவே? தனித்தனியா எடுத்தா ஆளுக்கு இருபத்தஞ்சு. ஜோடியா எடுத்தா நாப்பது. பத்து டாலர் உனக்குக் கசக்குதா?"

கணக்கு அவனுக்கும் தெரியும். லவோன் கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. திரும்பி வருவாளா என்பதுதான் தெரியாது. அதை இங்கே வாய்விட்டுச் சொன்னால் மாலைக்குள் ஏரியின் நாலு கரைக்கும் தெரிந்துவிடும்.

"அவளுக்கு முதுகுவலி," என்றான்.

"முதுகுவலியா?" அடுத்து நின்ற டுவேன் புழு டப்பாவோடு தலையை நீட்டினான். "செவ்வாக்கிழமைதானே அவ அக்கா வீட்டுக்குள்ள ஒத்தை ஆளா உங்க சோபாவைத் தள்ளிட்டுப் போனா? என் கண்ணால பார்த்தேனே."

"அதனாலதான் வலி."

"உங்க வீட்டு சோபா அங்க எதுக்குப் போச்சு?" என்றாள் ஆர்லிஸ்.

இதை ஓரின் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் முதலில் வந்ததைச் சொன்னான்.

"வீட்டுல மூட்டைப்பூச்சி."

டுவேன் இரண்டடி பின்னால் போனான். அவன் போனதால் வரிசையே இரண்டடி பின்னால் போயிற்று.

"அடப்பாவி! மூட்டைப்பூச்சி சோபாவையா அவ அக்கா வீட்டுக்கு அனுப்பினே?"

"சோபாவுல இல்ல. மத்த எல்லாத்துலயும்."

"மத்த எல்லாத்துலயுமா?" கடைசியில் வாளியோடு நின்ற குட்ரூன் அலறினாள். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல என் கோட்டு மேலதானே உன் கோட்டைப் போட்டே!"

அவள் கழுத்தைச் சொறிந்தாள். அதைப் பார்த்து டுவேனும் சொறிந்தான்.

"மருந்து அடிச்சாச்சு. ஒண்ணுகூட இல்ல. வீடு சுத்தமாயிடுச்சு," என்றான் ஓரின் அவசரமாக.

"அப்ப லவோன் வீட்டுலதான் படுத்திருக்காளா?" ஆர்லிஸின் முகம் கனிந்தது. "பாவம், முதுகுவலிக்காரி எப்படிச் சமைப்பா? சாயந்திரம் ஆறு மணிக்கு கறியும் காயும் போட்டு ஒரு தட்டு ஹாட்டிஷ் சுட்டு எடுத்துட்டு வரேன். உருளைக்கிழங்கு தூக்கலா."

"நான் கேக் கொண்டு வரேன்," என்றாள் குட்ரூன், ஒரு கையால் சொறிந்தபடியே. மூட்டைப்பூச்சியை மன்னிக்க அவளுக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது.

"நானும் வந்து ஒரு எட்டு பார்த்துட்டுப் போறேன்," என்றான் டுவேன்.

ஆறு மணிக்கு ஹாட்டிஷோடு பாதி ஊர் வாசலில் நிற்கும். உள்ளே அவனும், சோபா இருந்த இடமும் இருக்கும்.

"அம்மா தாயே, யாரும் வராதீங்க." ஓரின் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அவ வீட்டுல இல்ல. போயிட்டா. மூணு வாரமாச்சு. தப்பு என் பேர்லதான். நாலு தடவை போனைக் கையில எடுத்தேன். பேச வரல."

டுவேன் தொப்பியைக் கழற்றினான்.

"அப்ப மூட்டைப்பூச்சி?" என்று குட்ரூன் மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றவள், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆர்லிஸ் கையை நீட்டினாள். "உன் அடையாள அட்டையைக் குடு. ஒண்ணே போடறேன்."

எண்களைத் தட்டினாள். கணினி கீச்சென்றது. மறுபடி தட்டினாள். மறுபடி கீச்சென்றது.

"தர முடியாதுங்குது."

"தனியா மீன் பிடிக்கக்கூட எனக்குக் குடுத்து வைக்கலையா?"

"இருப்பா. இந்த வருஷத்துக்கு உன் பேர்ல ஏற்கெனவே உரிமம் இருக்காம். இன்னைக்குக் காலையில ஆறு பத்துக்கு யாரோ போன்லயே எடுத்திருக்காங்க."

அவள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு திரையோடு முகத்தை ஒட்டினாள். ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஜோடி உரிமம்டா இது. 'இப்பவும் கணவன் மனைவியா'ன்னு கேட்ட இடத்துல லவோன் 'ஆமா'ன்னு போட்டிருக்கா."